லேர்கெல்ட்: ஜேர்மன் படிக்கும் பிள்ளைகளுக்கும் காசு கட்டும் பெற்றோருக்கும் ஒரு வரலாறு



உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கிற பிள்ளைகளின் பேச்சில் இப்போது "ஏ1 முடிஞ்சா? பி1 எப்ப?" என்ற கேள்விதான் அடிபடுகிறது. கட்டார், சவூதி என்று இருந்த இடத்துக்கு ஜேர்மனி வந்திருக்கிறது. தம்பலகாமத்திலும் முள்ளிப்பொத்தானையிலும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்வி: "சேர், இது சரி வருமா? எவ்வளவு காசு போகும்?"

இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. அந்த மொழிக்குப் பின்னால் ஒரு தொழில் முறை இருக்கிறது. அந்த முறைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அது தெரியாமல் மொழியை மட்டும் பாடமாக்கிப் பரீட்சை எழுதினால், விமானம் ஏறிய பிறகுதான் கஷ்டம் தொடங்கும். பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

ஜேர்மன் மொழியில் 'லேர்கெல்ட்' என்று ஒரு சொல் உண்டு. தொழில் பழகக் கட்டும் காசு என்பது அதன் பொருள். பழைய காலத்தில் ஒரு பையனுக்குத் தச்சுவேலையோ கொல்லுவேலையோ ரொட்டி சுடும் வேலையோ பழக்க வேண்டுமானால், தகப்பன் அந்தத் தொழிலின் ஆசானுக்குக் காசு கட்ட வேண்டும். பையன் ஆசானின் வீட்டிலேயே தங்கி, அவர் சொன்ன வேலையெல்லாம் செய்து, சில வருடங்களில் தொழிலைப் பழகுவான். அந்த ஆசானை 'மைஸ்டர்' என்பார்கள். இன்றும் ஒருவர் காசை இழந்து புத்தி படித்தால், "லேர்கெல்ட் கட்டினார்" என்று அங்கே சொல்வார்கள். இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று "ஜேர்மன் சாமான்" என்றால் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். ஆனால் 1876இல் நிலைமை அப்படி இருக்கவில்லை. அந்த வருடம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்கு ஜேர்மனியின் சார்பில் நடுவராகப் போனவர் பிரான்ஸ் ரூலோ என்ற பொறியியல் பேராசிரியர். தன் சொந்த நாட்டுப் பொருட்களைப் பார்த்துவிட்டு, இவை மலிவானவை, மோசமானவை என்று ஊருக்கு எழுதினார். அந்தக் கடிதம் ஜேர்மன் பத்திரிகையில் வெளிவந்து நாடே கொதித்தது.

பதினொரு வருடம் கழித்து, 1887இல், பிரித்தானியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுப் பொருட்களில் எந்த நாட்டில் செய்தது என்று பொறிக்க வேண்டும். ஷெஃபீல்ட் நகரத்துக் கத்திகளைப் போலவே சோலிங்கன் நகரத்தில் மலிவாகச் செய்து விற்கிறார்கள் என்பது ஆங்கிலேயரின் முறைப்பாடுகளில் முக்கியமானது. 'ஜேர்மனியில் செய்யப்பட்டது' என்ற எழுத்து, வாங்குபவரை எச்சரிக்கப் போட்ட முத்திரை. ஒரு தலைமுறைக்குள் அதே எழுத்து தரத்தின் அடையாளமாக மாறிவிட்டது. இன்று பாபர் சலூனில் சோலிங்கன் சவரக்கத்தி என்றால் அதற்குத் தனி மதிப்பு.

இது எப்படி நடந்தது? காரணம் பல. அதில் எங்கள் பிள்ளைகளுக்குத் தேவையான காரணம், தொழில் பழகும் முறையை அவர்கள் சட்டத்துக்குள் கொண்டுவந்ததுதான். 1897இல் கைத்தொழிலாளருக்கான சபைகளைச் சட்டப்படி அமைத்தார்கள். 1908இல், மைஸ்டர் தகுதி பெற்றவர்தான் கைத்தொழிலில் பிள்ளைகளைப் பழக்கலாம் என்று ஆக்கினார்கள். இதே காலத்தில், 1900 தொடக்கம், மியூனிக் நகரத்தின் கல்விப் பொறுப்பில் இருந்த கேயோர்க் கேர்ஷென்ஸ்டைனர் என்ற ஆசிரியர், வேலை பழகும் பையன்களுக்கென்றே தொழில்வாரியாகப் பாடசாலைகளைத் திறந்தார். பட்டறையில் கை பழகும். பாடசாலையில் கணக்கும் வரைபடமும் குடிமைப் பொறுப்பும் பழகும். இன்று அவர்கள் 'அவுஸ்பில்டுங்' என்று சொல்லும் தொழிற்பயிற்சியின் வேர் இங்கே இருக்கிறது.

1969இல் இதையெல்லாம் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டத்தின்படி பயிற்சிக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். பயிற்சி பெறுபவருக்குக் கம்பனி மாதாந்தம் கொடுப்பனவு கொடுக்க வேண்டும். பயிற்சி தருவதற்காக அவரிடம் காசு வாங்கும் எந்த உடன்பாடும் செல்லாது. அதாவது, நூற்றாண்டுகளாகத் தகப்பன்மார் கட்டிவந்த லேர்கெல்டுக்கு அந்த நாட்டில் சட்டப்படியே முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

ஊர் மக்களே, இந்த ஒரு வரியை இரண்டு தரம் வாசியுங்கள். அவர்கள் நாட்டில் ஒழித்த காசைத்தான் எங்கள் ஊரில் சிலர் வயலை ஈடுவைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மொழி வகுப்புக்குக் கட்டணம் உண்டு. பரீட்சைக்கும் விசாவுக்கும் மொழிபெயர்ப்புக்கும் விமானச் சீட்டுக்கும் செலவு உண்டு. அது நியாயம். ஆனால் "கம்பனி பயிற்சி தருவதற்குக் கேட்கும் காசு" என்று ஒருவர் இலட்சக்கணக்கில் கேட்டால், அந்தக் கம்பனியின் பெயரையும் ஒப்பந்தத்தையும் முதலில் காட்டச் சொல்லுங்கள்.

இந்த ஜேர்மன் முறையை எங்கள் சமூகத்தவர் ஒருவர் நூறு வருடத்துக்கு முன்பே தேடிப் போய்ப் படித்திருக்கிறார். ஹைதராபாத்தில் பிறந்த ஸாகிர் ஹுசைன் 1922இல் ஜேர்மனிக்குப் போனார். அந்த மொழியைக் கற்று, பேர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1926இல் திரும்பினார். பெரிய உத்தியோகம் தேடவில்லை. காசில்லாமல் மூடப்படும் நிலையில் இருந்த ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவைப் பொறுப்பெடுத்து, 1948 வரை நடத்தினார். கேர்ஷென்ஸ்டைனரின் கருத்து அவரை நன்றாகப் பிடித்திருந்தது. 1937இல் காந்தி வார்தாவில் கூட்டிய கல்வி மாநாடு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். கைத்தொழிலை நடுவில் வைத்துப் பிள்ளைக்குப் படிப்பிக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் சாரம். பின்னாளில், 1967இல், இந்தியாவின் முதல் முஸ்லிம் ஜனாதிபதியானார்.

அவருக்கு முன்பே அல்லாமா இக்பால் 1907இல் ஹைடல்பேர்க் நகரில் ஜேர்மன் படித்து, மியூனிக் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பாரசீகக் கவி ஹாஃபிஸை வாசித்து ஜேர்மன் கவி கோதே எழுதிய நூலுக்குப் பதிலாக 1923இல் தன் கவிதை நூலை வெளியிட்டார். எங்கள் பிள்ளைகள் பரீட்சை எழுதக் கொழும்புக்குப் போகிறார்களே, அந்த நிறுவனத்துக்குப் பெயர் வந்தது இதே கோதேயினால்தான்.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். 1870களிலேயே பிலிப் பிராய்டன்பேர்க் என்ற ஜேர்மன் வியாபாரி கொழும்பில் கம்பனி தொடங்கித் தேங்காய் எண்ணெய், கப்பல் முகவர் தொழில் என்று வளர்ந்தார். 1914இல் முதலாம் உலக யுத்தம் வந்ததும் ஜேர்மன் கம்பனிகளை ஆங்கிலேய அரசு மூடியது. இங்கிருந்த ஜேர்மானியரைத் தியத்தலாவையில் தடுத்துவைத்து, பிறகு அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அந்த வருடம் செப்டெம்பர் 22ஆம் திகதி சென்னையில் குண்டு போட்ட எம்டன் கப்பலின் பெயர், "அவன் ஒரு எம்டன்" என்று தமிழ்ப் பேச்சிலேயே தங்கிவிட்டது. அந்தக் காலத்தில் ஜேர்மன் என்றால் பயம்.

அந்தப் பயத்தை மாற்றியதில் ஒரு பட்டறைக்குப் பங்கு உண்டு. 1958இல் தனியார் பஸ் கம்பனிகளை அரசு பொறுப்பெடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தது. பஸ் ஆயிரக்கணக்கில் கைக்கு வந்தது. அதைப் பராமரிக்கப் பழகிய ஆட்கள் போதவில்லை. 1959இல் மேற்கு ஜேர்மனியுடன் ஓர் ஒப்பந்தம் செய்து, வெரஹெரவில் சபையின் பட்டறையோடு ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார்கள். ஜேர்மன் போதனாசிரியர்கள் வந்து பழக்கினார்கள். பிறகு உள்ளூர் ஆட்களிடம் கையளித்துவிட்டுப் போனார்கள். இன்று மொரட்டுவையில் இருக்கும் 'ஜேர்மன் டெக்' அதுதான். அங்கே படித்தவர் என்றால் கராஜ்காரரும் மரியாதையாகப் பார்ப்பார். ஜேர்மனிக்குப் போகாமலே ஜேர்மன் முறையைப் பழகிய தலைமுறைகள் இந்த நாட்டில் இருக்கின்றன. 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் ஜேர்மன் உதவியோடு இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது.

எங்கள் திருகோணமலை மாவட்டத்துக்கும் அவர்கள் வந்தார்கள். 'ஜி.ரி.இஸட்' என்ற எழுத்து ஒட்டிய வாகனங்கள் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1998 முதல் 2003 வரை, யுத்தத்துக்கு நடுவில், ஒருங்கிணைந்த உணவுப் பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் மாவட்டத்தின் பாதிக்கப்பட்ட கிராமங்களில் வேலை செய்தார்கள். தமிழ், முஸ்லிம், சிங்களக் கிராமங்கள் மூன்றும் அதில் இருந்தன. அவர்களின் வேலை முறையில் கவனிக்க வேண்டியது, தொடக்கத்தில் நடக்கும் கூட்டம். ஊர் மக்களை உட்காரவைத்து, என்ன தேவை, எது முதலில், எது பிறகு என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து எழுதிக்கொள்வார்கள். வேலை அதற்குப் பிறகுதான். "வந்தவுடன் கிணற்றை வெட்டித் தராமல் என்ன கூட்டம்" என்று அலுத்துக்கொள்வது மனித இயல்பு. ஆனால் ஜேர்மன் வேலைக் கலாசாரத்தின் அரைவாசி அந்தக் கூட்டத்திலேயே இருக்கிறது: முதலில் பேசு, எழுது, பிறகு தொடங்கு, தொடங்கினால் எழுதியபடி முடி.

எங்கள் தமிழ்ச் சகோதரர்களின் அனுபவமும் இதில் ஒரு பாடம். 1980களில் யுத்தத்துக்குத் தப்பிய பல தமிழ் இளைஞர்கள் விமானத்தில் கிழக்கு பேர்லினில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்கு பேர்லினுக்குப் போய் அகதி அந்தஸ்துக் கோரினார்கள். 1985இல் அந்த வழியும் அடைபட்டது. உள்ளே போனவர்களுக்கு வருடக்கணக்கில் வேலை செய்ய அனுமதி இருக்கவில்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் போகவும் கட்டுப்பாடு. அனுமதி கிடைத்தபோது, ஊரில் படித்தவர்களும் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவித் தொடங்கினார்கள். மொழியைப் பாடமாகப் படிக்க வழியில்லாமல், வேலையிடத்தில் காதால் கேட்டுப் பொறுக்கிய தலைமுறை அது. அந்த நிலையிலிருந்தும் ஹாம் நகரில் 2002இல் பெரிய கோயிலைக் கட்டி எழுப்பினார்கள். அவர்களின் பிள்ளைகள் அங்கே பாடசாலை போய், அவுஸ்பில்டுங் செய்து, பல்கலைக்கழகம் போய் வேறு நிலைக்கு வந்துவிட்டார்கள். ஒரே குடும்பம், ஒரே உழைப்பு. பிள்ளைகளுக்கு மொழியும் தொழிற்தகுதியும் ஒழுங்காகக் கிடைத்ததால் வந்த வித்தியாசம் அது.

அந்தத் தகப்பன்மாருக்குக் கிடைக்காத கதவு இப்போது சட்டப்படி திறந்திருக்கிறது. ஜேர்மனியில் வயதானவர்கள் கூடி, வேலைக்கு ஆள் குறைந்துவிட்டது. 2020 மார்ச் மாதம் திறனாளர் குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூன் தொடக்கம் வேலை தேடிப் போவதற்கு 'வாய்ப்பு அட்டை' என்ற ஒன்றும் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்குப் பொருத்தமானது பெரும்பாலும் அவுஸ்பில்டுங்தான். தொழிலைப் பொறுத்து 2 முதல் 3½ வருடம். கிழமையில் சில நாள் கம்பனி, ஒன்றிரண்டு நாள் தொழிற்பாடசாலை. 300க்கு மேற்பட்ட தொழில்கள் இதில் அடங்கும். கடைசிப் பரீட்சையை நடத்துவது தொழிற்சபை. முதலாளி நினைத்தபடி சான்றிதழ் கொடுக்க முடியாது. 2025இல் தொடங்குபவருக்கு முதல் வருடக் குறைந்தபட்சக் கொடுப்பனவு மாதம் 682 யூரோ. பல தொழில்களில் இதைவிடக் கூட. இது அங்கே வாழப் போதாதென்றால் மீதிக்கு வழி காட்டும்படி தூதரகம் கேட்கும். இதற்குப் பொதுவாக பி1 தர மொழி வேண்டும். தாதியர் தொழிலுக்குத் தனிச் சட்டம். அதன்படி 2020 முதல் பயிற்சிப் பாடசாலைக் கட்டணம் கிடையாது. ஆனால் நோயாளியோடு பேச வேண்டிய தொழில் என்பதால் மொழியில் பி2 வரை எதிர்பார்ப்பார்கள்.

இனி வேலைக் கலாசாரம். இது எந்த வகுப்பிலும் நாலு வரிக்கு மேல் சொல்லித்தரமாட்டார்கள்.

முதலாவது, மரியாதைச் சொல். ஜேர்மனில் 'ஸீ' என்றால் நீங்கள், 'டூ' என்றால் நீ. தமிழ்ப் பிள்ளைக்கு இது இயல்பாக விளங்கும். ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் இல்லை. மற்றவர் 'டூ' சொல்ல அழைக்கும்வரை 'ஸீ' சொல்லிப் பழகுங்கள்.

இரண்டாவது, நேரம். 8 மணி என்றால் 8 மணிக்கு வேலை உடுப்போடு வேலையிடத்தில் நிற்க வேண்டும். சுகமில்லாவிட்டால் வேலை தொடங்கும் முன்பே அறிவிக்க வேண்டும். அதேபோல வேலை முடிந்த நேரம் உங்களுடையது. அதற்கு 'ஃபையராபென்ட்' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, எழுத்து. பயிற்சிக் காலம் முழுக்க, இன்றைக்கு என்ன செய்தேன், என்ன படித்தேன் என்று ஒரு பதிவேடு எழுத வேண்டும். அது இல்லாமல் கடைசிப் பரீட்சைக்கு விடமாட்டார்கள். எங்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. சூரா பகராவின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி கட்டளையிடுகிறது. நாங்கள் "அவர் நம்ம ஆள்தானே" என்று வாய்ப்பேச்சில் விடுகிறோம். ஏமாறுவதும் அங்கேதான்.

நான்காவது, நேர்ப்பேச்சு. "இந்த வேலை பிழை, திரும்பச் செய்" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அது வேலையைப் பற்றிய பேச்சு. உங்கள் குடும்பத்தையோ மார்க்கத்தையோ பற்றியது இல்லை. விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு வருவார்கள். மெசினுக்கு முன்னால் அந்தத் தலையாட்டல் ஆபத்து. ஜும்ஆ நேரத்தைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் இப்படித்தான்: முதல் கிழமையிலேயே மேலாளரிடம் நேரே பேசி ஓர் ஒழுங்கைக் கேளுங்கள்.

ஐந்தாவது, உரிமை. முதல் 1 முதல் 4 மாதம் பரீட்சார்த்தக் காலம். அதற்குள் இரு தரப்பும் விலகலாம். அதன் பிறகு காரணமில்லாமல் நிறுத்த முடியாது. குறைந்தது 5 பேர் நிரந்தரமாக வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர் தங்களுக்குப் பேரவை தெரிவுசெய்யலாம். இதற்கான முதல் சட்டம் 1920இலேயே வந்தது. 1976 முதல், 2000 பேருக்கு மேல் வேலை செய்யும் பெரிய கம்பனிகளின் மேற்பார்வைச் சபையில் பாதி ஆசனம் தொழிலாளர் தரப்புக்கு. வளைகுடாவில் கபீல் முறையைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது வேறு உலகம். அங்கே தொழிலாளிக்கு வாய் இருக்கிறது. ஆனால் அந்த வாயைத் திறக்க ஜேர்மன் தெரிய வேண்டும்.

இவ்வளவையும் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. ஜேர்மனி எங்களிடம் கேட்பது தாதியை, மின்னிணைப்பாளரை, குழாய் பொருத்துபவரை, மேசனை, சமையற்காரரை. இதே தொழில்களை ஊரில் எப்படிப் பேசுகிறோம்? "படிக்காட்டி மேசனுக்குக் கையாளாப் போ" என்று பிள்ளையை ஏசுகிறோம். உயர்தரத்தில் தவறிய பிள்ளைக்குத்தான் தொழிற்பயிற்சி நிலையத்தைக் காட்டுகிறோம். பெண் கேட்டுப் போகும்போது ஓடாவி, வெல்டிங்காரர் என்றால் தயங்குகிறோம். பிறகு அதே தொழிலுக்கு ஜேர்மனியில் இடம் என்றதும் வயலை ஈடுவைக்கிறோம். தாவூத் (அலை) அவர்கள் தன் கையால் உழைத்து உண்டார்கள். இரும்பில் கவசம் செய்தார்கள். ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சர். நபிமார் செய்த தொழிலைக் குறைவாகப் பேசும் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது?

ஆகவே பெற்றோருக்குச் சில வார்த்தை. பிள்ளைக்கு எந்தத் தொழிலில் கை ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். அந்தத் தொழிலை இங்கேயே நைட்டாவிலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ தொடங்கி, என்.வி.கியூ சான்றிதழ் எடுக்க விடுங்கள். ஜேர்மனி சரிவராவிட்டாலும் தொழில் கையில் இருக்கும். மொழி வகுப்பைப் பக்கத்தில் வையுங்கள். பேசவைக்காமல், பழைய வினாத்தாளைப் பாடமாக்கும் வகுப்பைத் தவிருங்கள். முகவர் யாராக இருந்தாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தை ஜேர்மன் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வரிக்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் எங்கள் வாப்பாமார், பாட்டன்மார் உழைத்து வைத்தது. அதை ஈடுவைக்காமலே பிள்ளை போகக்கூடிய வழி இருக்கிறது. அதற்கு ஒன்றிரண்டு வருடப் பொறுமையும் உழைப்பும் வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உயர்தரப் பெறுபேறு வந்தவுடன் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். நல்லது. அதே மேடையில் என்.வி.கியூ முடித்த மின்னிணைப்பாளர் தம்பியையும் தாதிப் பயிற்சி முடித்த தங்கச்சியையும் கூப்பிட்டு நிறுத்துங்கள். இந்த வருடமே தொடங்கலாம்.

உங்கள் வீட்டில் யாராவது ஜேர்மன் படித்துக்கொண்டிருந்தால் இதை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அல்லாஹ் எங்கள் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.